ஆசிரியருக்குக் கடிதம்: குகை வாயிலில் கொஞ்சம் நில்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் சிங்கப்பூரில் நம் ஆட்களில் ஒரு கூட்டம் பையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குக் கிளம்பிவிடுகிறது. பேருந்து பிடித்து மலேசியாவின் மெர்சிங் போய் அங்கிருந்து தியோமான், ஆவுர், டாயாங் தீவுகள். கையில் கொஞ்சம் கூடுதலாகக் காசு இருந்தால் பாலி, மனாடோ, மாலத்தீவு. முன்பெல்லாம் முக்குளிப்புப் படகில் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தால் யாரென்று திரும்பிப் பார்ப்போம், இப்போது அம்மா, அப்பா, பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளை என்று குடும்பமாகவே சிலிண்டர் மாட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மேலே ஏறி வந்ததும் பேச்சு எல்லாம் ஆமை பார்த்தாயா, சுறா எவ்வளவு நீளம், மாண்டா திருக்கை வந்ததா என்பதோடு நின்றுவிடுகிறது. அவர்கள் வேகமாகத் தாண்டி வந்த பாறை இடுக்கில், விரல் நீளம்கூட இல்லாத ஓர் உயிர் தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீனின் வாய்க்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டு இருந்திருக்கும். குகைகளில் வாழும் அந்தத் துப்புரவு இறாலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்த இறால் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஒரே ஒரு இனம் இல்லை. பாறைக் குகைகளிலும் பவளத் திட்டுகளின் விளிம்புக்கு அடியிலும் குடியிருந்து, மீன்களின் மேல் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் பொறுக்கித் தின்னும் இறால்கள் பல வகை. நம் பக்கத்துக் கடல்களுக்குப் போகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை நாலு.

எளிதில் கண்ணில் படுவது வரிப்பட்டை இறால், அறிவியல் பெயர் ஸ்டெனோபஸ் ஹிஸ்பிடஸ். 1811லேயே பெயர் வாங்கிவிட்ட பழைய ஆள். வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டைகள், நீண்ட கொடுக்குகளிலும் அதே பட்டைகள், தலையிலிருந்து ஆறு வெள்ளை மீசைகள். நண்டுக்கு முன்னால் இருக்கிற மாதிரி முதல் காலில் பெரிய கொடுக்கு இருக்கும் என்று நினைத்துப் பார்க்காதீர்கள், இதற்கு மூன்றாவது ஜோடிக் காலில்தான் பெரிய கொடுக்கு. குகைக் கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மீசையை வெளியே நீட்டியபடி இருக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டால் அதே இடுக்கில் இன்னொன்றையும் தேடுங்கள், பெரும்பாலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தேதான் குடியிருக்கும். இந்த இணைகள் ஒன்றையொன்று ஆளாகவே அடையாளம் கண்டுகொள்ளும் என்று 1977இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பிரித்து வைத்துவிட்டு மறுபடி சேர்த்தபோது பழைய துணையை ஒரு மாதிரியாகவும் புதிதாக விட்ட இறாலை வேறு மாதிரியாகவும் நடத்தியதாம். ஓர் இறாலுக்கு இவ்வளவு ஞாபகமா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அடுத்தது லைஸ்மாட்டா அம்போயினென்சிஸ். பெயரிலேயே இந்தோனேசியாவின் அம்போன் தீவு இருக்கிறது. முதுகு முழுக்க நல்ல சிவப்பு, அதன் நடுவே தலையிலிருந்து வால் வரை ஒரு வெள்ளைக் கோடு, பக்கவாட்டில் மஞ்சள். இதுதான் மீன்களிடம் கொஞ்சமும் கூச்சமில்லாமல் போய் ஏறுவது. பாம்பு போல நீண்ட அஞ்சாளை மீனின் வாயைத் திறக்கச் செய்து பல் இடுக்கைச் சுத்தம் பண்ணும் படங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். இதில் ஆண் தனி, பெண் தனி என்று கிடையாது. முதலில் ஆணாக வளர்ந்து, பிறகு ஒரே உடம்பில் இரண்டுமாக ஆகிவிடும். ஆனாலும் தனக்குத்தானே கருவுற முடியாது, இன்னொன்று வேண்டும். மூன்றாவது அதே குடும்பத்து லைஸ்மாட்டா டெபேலியஸ், 1983இல் பெயரிடப்பட்டது. உடம்பெல்லாம் இரத்தச் சிவப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள், கால் நுனியில் வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும். இது கூச்ச சுபாவம், கொஞ்சம் ஆழத்தில், இடுக்கின் உட்பக்கத்தில் இருக்கும். மாலத்தீவு, இலங்கைப் பக்கம் போகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

நாலாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, அதைத்தான் நிறையப் பேர் பார்க்காமல் போகிறார்கள். யூரோகாரிடெல்லா என்ற பேரினம், அதாவது பல இனங்கள் சேர்ந்த குழு. கண்ணாடி போல உடம்பு, அதில் சிவப்பும் வெள்ளையுமாகப் பொட்டுகள், நீளம் ஒரு அங்குலத்துக்குச் சற்று முன்னே பின்னே. உடம்பு ஊடுருவித் தெரிவதால், இருட்டில் இறால் தெரியாது, பொட்டுகள் மட்டும் தண்ணீரில் மிதப்பது போலத் தெரியும். மற்றவை பாறையைப் பிடித்து நிற்கும், இது குகை வாயிலில் அந்தரத்தில் நின்று இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும், அதுவும் கூட்டமாக. இதில் ஓர் இனத்தின் பெயர் அன்டன்பிரூனி, 1960களில் இந்தியப் பெருங்கடலை ஆராயப் போன அன்டன் பிரூன் கப்பலின் பெயர். அந்தக் கப்பல் அதற்கு முன் அமெரிக்க அதிபர் ட்ரூமனின் உல்லாசப் படகாக இருந்தது. அந்த வரலாறு தனிக் கதை, இங்கே வேண்டாம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: இறாலைத் தேடாதீர்கள், அதனிடம் வரும் மீனைத் தேடுங்கள்.

பாறைச் சுவரையொட்டி நீந்திப் போகும்போது மீன்கள் எல்லாம் எதையோ செய்துகொண்டு, எங்கோ போய்க்கொண்டுதான் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு மீன் மட்டும் சும்மா நிற்கும். ஒரு களவா மீன் குகை வாயிலில் தரையோடு தரையாக அமர்ந்து வாயை ஆவென்று திறந்து வைத்திருக்கும், செவுள் மூடியும் விரிந்திருக்கும். அல்லது ஓர் அஞ்சாளை பொந்திலிருந்து பாதி உடம்பை வெளியே விட்டு அசையாமல் கிடக்கும். இன்னும் சில மீன்கள் தலை மேலாகவோ கீழாகவோ சாய்ந்து விநோதமாக நிற்கும், பக்கத்தில் ஒன்றிரண்டு தள்ளி நின்று காத்திருக்கும், கல்யாணப் பந்தியில் இலை எப்போது காலியாகும் என்று நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்கள் மாதிரி. அதைப் பார்த்துவிட்டால் நின்றுவிடுங்கள். அதுதான் துப்புரவு நிலையம். பக்கத்தில் எங்கோ இறால் இருக்கிறது, அல்லது அதே தொழில் செய்யும் சின்ன மீனாவது இருக்கிறது. அஞ்சாளை முகத்தருகே, தாடைக்குக் கீழே, பொந்தின் கூரையில், அந்த வரிசையில் பாருங்கள்.

கரீபியன் கடலில் ஒரு துப்புரவு இறாலை வைத்து 2018இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு துப்பு தருகிறது. மீன் நெருங்கினால் இறால் மீசையை வீசி வீசிக் காட்டுகிறது, சுத்தம் செய்துகொள்ள விரும்பும் மீன் தன் உடம்பு நிறத்தைக் கருமையாக்கிக் காட்டுகிறது, அப்புறம்தான் வேலை ஆரம்பம். இரண்டு பக்கமும் பேசி முடித்துக்கொண்டு தொடங்குகிறார்கள் என்றே சொல்லலாம். ஆகவே ஒரு மீன் நின்ற இடத்தில் சட்டென்று நிறம் மாறினால் அதையும் கவனியுங்கள்.

நான் சொன்ன யூரோகாரிடெல்லாவின் ஆட்டமும் சும்மா ஆடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறையில் இதே பேரினத்தைச் சேர்ந்த இறாலை வைத்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது. பசியோடு இருந்த இறால்கள் வயிறு நிறைந்தவற்றைவிட அதிக நேரம் ஆடின. ஆட்டம் என்பது மீன்களுக்கு விடும் அழைப்பு. அதற்கு முந்தைய ஆண்டு அதே ஆய்வாளர்களில் இருவர், துப்புரவு இறால்கள் உண்மையிலேயே மீனிலிருந்து ஒட்டுண்ணிகளைக் குறைக்கின்றனவா என்பதைச் சோதனை செய்து, ஆமாம் என்று காட்டினார்கள். அதுவரை, மீன் மேல் ஏறி நின்று இறால் என்னதான் செய்கிறது என்பதற்குச் சரியான சான்றே குறைவு. 2018இல் வந்த இன்னொரு ஆய்வில், காயம்பட்ட மீன்களை லைஸ்மாட்டா அம்போயினென்சிஸ் சுத்தம் செய்தபோது காயம் பெரிதாகவில்லை, சிவந்து வீங்குவது குறைந்தது. இப்படிப்பட்ட ஒரு வேலைக்காரரை நாம் ஆமையைத் துரத்தும் அவசரத்தில் காலில் மாட்டிய ஃபின்னால் (நீந்தும் துடுப்பால்) மண்ணை வாரி மூடிவிட்டுப் போகிறோம், எனக்கு வருத்தமே அதில்தான்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். இவ்வளவு பளிச்சென்ற சிவப்பு ஏன் கண்ணில் படவில்லை என்று புதியவர்கள் கேட்பார்கள். தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்கும், பத்துப் பதினைந்து மீட்டர் போனால் சிவப்பு எல்லாம் மங்கிய பழுப்பாகவோ சாம்பலாகவோ ஆகிவிடும், குகை நிழலில் கேட்கவே வேண்டாம். அதனால் டார்ச் இல்லாமல் தேடினால் சிவப்பு கண்ணில் படாது. வெள்ளைதான் காட்டிக்கொடுக்கும். இருட்டான இடுக்கிலிருந்து மெல்லிய வெள்ளை நூல்கள் நீட்டிக்கொண்டு அசைகின்றனவா என்று பாருங்கள், அது மீசை. அந்த வெள்ளையும் சாதாரண வெள்ளை இல்லை. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தினர் லைஸ்மாட்டா அம்போயினென்சிஸின் வெள்ளைக் கோட்டையும் மீசையையும் ஆராய்ந்து 2023இல் எழுதினார்கள். தோலுக்கடியில் மிக நுண்ணிய உருண்டைகள் அடுக்கப்பட்ட ஒரு படலம், அதன் தடிமன் 5 மைக்ரோமீட்டருக்கும் குறைவு, ஒரு மில்லிமீட்டரை 200 பங்காகப் போட்டால் அதில் ஒன்று. அவ்வளவு மெல்லிய படலம் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. குகை இருட்டில் இருந்துகொண்டு வெளியே நீந்தும் மீன்களின் கண்ணில் பட வேண்டிய ஓர் உயிருக்கு இப்படி ஒரு வெள்ளை அமைந்திருக்கிறது என்றால், அது யாருக்காக என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? நாமும் அந்த வெள்ளையைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இவ்வளவு வண்ணம் இருந்தும் இறாலுக்கே அந்த வண்ணம் தெரியாது. மூன்று வகைத் துப்புரவு இறால்களின் கண்ணை 2016இல் சோதித்துப் பார்த்தார்கள், அதில் நான் சொன்ன லைஸ்மாட்டா அம்போயினென்சிஸும் யூரோகாரிடெல்லா அன்டன்பிரூனியும் உண்டு. நிறங்களைப் பிரித்தறிய ஒரு வகைக்கு மேல் ஒளியுணர்வு வேண்டும், இவற்றுக்கு இருப்பது ஒரே வகை. பார்வைக் கூர்மையும் ரொம்பக் குறைவு, உருவங்கள் கலங்கலாகத்தான் தெரியும். முக்குளிப்பவருக்கு இதில் நேரடியான பயன் இருக்கிறது. முகம் தெரியாவிட்டாலும் பெரிய நிழல் ஒன்று வேகமாக வருவது அவற்றுக்குத் தெரியும், உடனே உள்ளே போய்விடும். மெதுவாக, பக்கவாட்டிலிருந்து, மேலே வெளிச்சத்தை மறைக்காமல் போனால் அப்படியே இருக்கும். டார்ச்சின் நடு ஒளியை நேரே கண்ணில் அடிக்காதீர்கள், விளிம்பு வெளிச்சம் போதும். சிவப்பு விளக்கு வசதி உள்ள டார்ச் இருந்தால் இன்னும் நல்லது, நீண்ட அலைநீளச் சிவப்பு ஒளி அவற்றின் கண்ணுக்கு அவ்வளவாக உறைக்காது.

நெருங்கும் முறையைப் பற்றி அனுபவசாலிகளுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் புதியவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் மிதப்பு கைக்குள் வர வேண்டும். மூச்சை வைத்தே அரையடி ஏறி இறங்கத் தெரியாதவர் குகை வாயிலுக்குப் பக்கத்தில் போகவே கூடாது, ஏனென்றால் தடுமாறினால் பவளத்தைப் பிடிப்பார், அல்லது முழங்காலை ஊன்றுவார். ஃபின்னை மேலும் கீழும் அடிக்காமல் தவளை மாதிரி பின்னால் உதைத்தால் வண்டல் கிளம்பாது. வண்டல் கிளம்பிவிட்டால் உங்களுக்கும் தெரியாது, உங்களுக்குப் பின்னால் வரிசையில் வருகிறவர்களுக்கும் தெரியாது. அப்புறம் காத்திருங்கள். இதுதான் எல்லாரும் தவறவிடுவது. இரண்டு நொடி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று நகர்ந்துவிடுகிறார்கள். நம் கண் இருட்டுக்குப் பழகவும், உள்ளே போன இறால் திரும்ப வரவும் ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். எங்கள் குழுவில் வரும் ஓர் அக்கா, "தம்பி, நீ முன்னாடி போ, நான் இந்த ஒரு பொந்தைப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிச் சொல்லியே, மற்ற எல்லாரையும்விட அதிகமாகப் பார்த்துவிட்டு வருவார். (தண்ணீருக்கடியில் அதைக் கைச்சாடையில்தான் சொல்வார், தன் துணையை விட்டுத் தனியாகவும் நிற்க மாட்டார்.)

ஆளை மாற்றிப் பார்த்துவிடவும் வாய்ப்பு உண்டு. அதே இடுக்குகளில் பெரிய கண்ணும் சிவப்பு வெள்ளைக் கோடுகளுமாக இன்னொரு இறால் கூட்டம் கூட்டமாக அடைந்து கிடக்கும், ரைங்கோசினிடெஸ் என்ற பேரினம். டார்ச் அடித்தால் கண்கள் வரிசையாக மின்னும். அழகுதான், ஆனால் நாம் தேடுவது அது இல்லை. வெள்ளை மீசை இருக்கிறதா, மீன் வந்து நிற்கிறதா, அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். அதேபோல் குகை வாயில் தரையில் அசைவில்லாமல் ஒரு வரிப்பட்டை இறால் கிடந்தால் செத்துவிட்டது என்று கவலைப்படாதீர்கள், பல நேரம் அது கழற்றிப் போட்ட சட்டை. மீசை, கால், கொடுக்கு எல்லாம் அப்படியே இருக்கும். சட்டை கழற்றியவர் உடம்பு கெட்டிப்படும் வரை உள்ளே ஒளிந்திருப்பார்.

இப்போது கட்டாயம் சொல்ல வேண்டிய பகுதி. குகை என்று நான் சொல்வது, வாயிலில் நின்று எட்டிப் பார்க்கக்கூடிய இடுக்கையும் பாறை விளிம்பையும்தான். உள்ளே போகும் குகை வேறு. தலைக்கு மேல் பாறை இருக்கும் இடத்தில் அவசரத்துக்கு நேரே மேலே ஏற முடியாது, அதற்கென்று தனிப் பயிற்சியும் கருவிகளும் வேண்டும். மலேசியாவின் சபாவில் சிப்பாடான் தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பாறைக்குள் போகும் குகையில் வழி தெரியாமல் சிக்கி மூழ்கிச் செத்த ஆமைகளின் எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. கடலிலேயே வாழும் ஆமைக்கே வழி தப்பியிருக்கிறது. இறாலுக்காக உள்ளே போக வேண்டிய தேவையே இல்லை. வாடிக்கை மீன்கள் வெளியிலிருந்து வருவதால், அது கடை வைத்திருப்பதே வாயிலில்தான். ஆரம்பச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு 18 மீட்டர்தான் எல்லை, அந்த ஆழத்துக்குள்ளேயே வரிப்பட்டை இறாலையும் யூரோகாரிடெல்லாவையும் தாராளமாகப் பார்க்கலாம்.

கையை இடுக்குக்குள் விடாதீர்கள். அஞ்சாளை இருக்கும், கல்மீன் இருக்கும், நீண்ட முள் கடல்முள்ளெலிகள் இருக்கும், சிங்கமீன் கூரையில் தலைகீழாக நிற்கும். துப்புரவு நிலையம் என்பதே இவர்கள் எல்லாரும் வந்து போகும் இடம்தானே. சிலர் கையுறையைக் கழற்றிவிட்டு விரலை நீட்டி, இறால் நகத்தைச் சுத்தம் செய்வதைப் படம் எடுக்கிறார்கள். அதையும் தாண்டி ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வாயைத் திறந்து, இறாலைப் பல்லுக்குள் விட்டுப் படம் எடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பாலியின் துலாம்பென் மாதிரி இறால்கள் மனிதருக்குப் பழகிய இடங்களில் இதைச் செய்து காட்டுவார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தண்ணீருக்கடியில் மூச்சுக் குழாயை ஒரு வேடிக்கைக்காக எடுப்பது தப்பு என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நாம் அங்கே முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் நேரமெல்லாம் நிஜமான வாடிக்கை மீன் பக்கத்தில் வராது. அது ஒட்டுண்ணியோடு திரும்பிப் போகும், இறாலும் பட்டினி. ஒரு குழு போனதும் இன்னொரு குழு என்று நாள் முழுக்க நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாலைந்து படம் எடுத்துவிட்டுப் பின்வாங்கி, ஓர் ஆள் தூரத்தில் நின்று பாருங்கள். மீன் திரும்பி வரும், அப்போது கிடைக்கும் காட்சிக்கு முன்னால் பல்லைக் காட்டும் படம் ஒன்றுமே இல்லை.

வெளிநாட்டுக் கடலைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன், நம் ஊரைச் சொல்லாவிட்டால் குறையாகிவிடும். சிங்கப்பூர்க் கடலில் குகை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, தண்ணீரும் கலங்கல். புலாவ் ஹந்துவில் பல நாள் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் தெரியாது. அதனாலேயே சிலர் "நம்ம கடல்ல என்ன இருக்கு" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். 250க்கும் மேற்பட்ட கடினப் பவள இனங்கள் இந்தச் சின்ன நாட்டைச் சுற்றி இருக்கின்றன, உலகில் உள்ளவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 2014இல் சிஸ்டர்ஸ் தீவுகள் நம் முதல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன, இரண்டாவதாக லாசரஸ் தீவின் தென்பகுதியும் குசு பவளத்திட்டும் சேர்ந்த பூங்கா வரும் என்று 2024இல் அறிவிப்பு வந்தது. இங்கே முக்குளிப்பதில் ஒரு பெரிய நன்மை, தூரத்தில் எதுவும் தெரியாததால் பக்கத்தில் உள்ளதைப் பார்த்தே ஆக வேண்டும். கம்பளக் கடல்சாமந்தி ஒன்றைக் கண்டால் அதன் விளிம்பைத் தூக்காமல், தொடாமல், அங்கேயே நின்று பாருங்கள். கண்ணாடி உடம்பில் வெள்ளைத் திட்டுகளும் வாலில் ஆரஞ்சுப் பொட்டுகளுமாக ஒரு சின்ன இறால் அதில் குடியிருக்கும். அது குகை இறால் இல்லை, ஆனால் ஊடுருவித் தெரியும் இறாலைக் கண்டுபிடிக்கக் கண்ணைப் பழக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஹந்துவில் அதைக் கண்டுபிடித்தவர், தெளிந்த தண்ணீரில் யூரோகாரிடெல்லாவை நிச்சயம் தவறவிட மாட்டார். மழைக்காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, தியோமான் பக்கம் கடல் கொந்தளிப்பால் பெரும்பாலும் அடைத்துவிடுவார்கள். அந்த மாதங்களில் நம் தீவுகளில் கண்ணைத் தீட்டிக்கொள்ளலாம்.

முக்குளிக்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த இறால்களை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் சிங்கப்பூரில் நிறைய. அலங்கார மீன் வணிகத்தில் நம் ஊருக்குப் பெரிய இடம், செராங்கூன் நார்த் பக்கம் கடைகளில் லைஸ்மாட்டாவையும் வரிப்பட்டை இறாலையும் பார்க்கலாம். வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இவற்றில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை அல்ல, கடலிலிருந்து பிடித்து வந்தவை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் மாதக்கணக்கில் மிதந்து திரிந்துதான் இறாலாக ஆகும், அதைத் தொட்டியில் வளர்த்தெடுப்பது அவ்வளவு சுலபமில்லை. ஒரு பாறையின் இறாலை எடுத்துவிட்டால் அங்கே வரும் மீன்களுக்குத் துப்புரவுக்காரர் இல்லை. வளர்க்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, என் நண்பர்கள் பலர் ஆசையாக வளர்க்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள், வரிப்பட்டை இறாலில் இணை என்று உறுதியாகத் தெரியாமல் இரண்டை ஒரே தொட்டியில் விட்டுவிடாதீர்கள், ஒன்று மற்றதைக் கொன்றுவிடும். மீனுக்கு நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்தை ஊற்றாதீர்கள், மீன் பிழைக்கும், இறால் செத்துப்போகும்.

உங்களிடம் கேட்க வந்தது இதுதான். விடுமுறைச் சுற்றுலா பற்றி எழுதும்போது தீவின் பெயர், படகு, தங்கும் விடுதி, சாப்பாடு இவற்றோடு, அந்தக் கடலில் என்ன உயிர் இருக்கிறது, அதை எப்படித் தொந்தரவு செய்யாமல் பார்ப்பது என்பதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். நம் பிள்ளைகளுக்கு இவற்றைத் தமிழில் படிக்க அதிகம் கிடைப்பதில்லை, படித்தால் தமிழிலேயே அப்பா அம்மாவிடம் பேசுவார்கள். அப்புறம், நம் சமூகத்தில் முக்குளிப்புக் குழுக்களை அழைத்துப் போகும் அண்ணன்மார், அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள். படகில் புறப்படும் முன் ஆழம், நேரம், நீரோட்டம் எல்லாம் சொல்வீர்கள் அல்லவா, அதோடு "வழியில் ஒரு துப்புரவு நிலையத்தில் இரண்டு நிமிடம் நிற்போம், யாரும் கையை நீட்டாதீர்கள், ரெகுலேட்டரை எடுக்காதீர்கள்" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தியோமானில் லாபாஸ் தீவுப் பாறைகளுக்கு நடுவே நீந்திப் போகும்போது அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
சுவா சூ காங்